மடியில் லேப்டாப், பாக்கெட்டில் செல்போன், மனதில் டென்ஷன்... குழந்தை தள்ளிப்போக இவைதான் காரணமா?

கல்யாணமாகி ஒரு வருடம் முடிவதற்குள்ளேயே அந்தக் கேள்வி வந்துவிடும். காதுகுத்து, வளைகாப்பு, கோயில் திருவிழா என்று எங்கே போனாலும், "என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?" என்று யாராவது ஒருவர் கேட்பார். கேள்வி எப்போதும் மனைவியிடம்தான். பக்கத்தில் நிற்கும் கணவரை யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது வருடத்தில் கேள்வி அறிவுரையாக மாறும். "டென்ஷன் ஆகாம இரு, தானா தங்கும்" என்பார் ஒருவர். "ராத்திரியெல்லாம் போனை நோண்டிக்கிட்டு இருந்தா எப்படிப் புள்ள நிக்கும்?" என்பார் இன்னொருவர். ஐ.டி வேலையில் இருப்பவர்கள் என்றால் லேப்டாப்பையும் சேர்த்துத் திட்டுவார்கள்.

இதில் எவ்வளவு உண்மை? கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால், எந்தப் பொருள் எந்த அளவுக்குப் பாதிக்கிறது என்று தெரிந்துகொள்ளாவிட்டால், போனைக் குறை சொல்லிக்கொண்டே சிகிச்சைக்கான நல்ல நாள்களைத் தவறவிட்டுவிடும் ஆபத்தும் இருக்கிறது.

எப்போது கவலைப்பட வேண்டும்?

கருத்தடை எதுவும் இல்லாமல், தொடர்ந்து தாம்பத்ய உறவில் இருந்தும் 12 மாதங்களில் கரு தரிக்கவில்லை என்றால், அதைக் குழந்தையின்மை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் 6 மாதங்களிலேயே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அந்த வயதுக்குப் பிறகு கருமுட்டையின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும் என்பதே காரணம்.

இது அரிதான பிரச்னையும் இல்லை. வாழ்நாளில் 6 பேரில் ஒருவர் இதைச் சந்திக்கிறார் என்று 2023-ம் ஆண்டு வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை சொல்கிறது.

லேப்டாப்: பிரச்னை சூட்டில் இருக்கிறது

ஆணின் விதைகள் உடலுக்கு வெளியே, தனிப் பையில் இருப்பதற்குக் காரணம் உண்டு. விந்தணு நல்லபடியாக உருவாக, உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவான சூடு வேண்டும். கடுமையான காய்ச்சல் வந்து போன பிறகு சில வாரங்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறைவதும் இதனால்தான்.

அமெரிக்காவில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ம் ஆண்டு 29 ஆண்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். லேப்டாப்பை மடியில் வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்ததில், விதைப்பையின் வெப்பம் 2.6 முதல் 2.8 டிகிரி வரை ஏறியது. லேப்டாப்பே இல்லாமல், அதை மடியில் தாங்குவதற்காகத் தொடைகளைச் சேர்த்து வைத்து உட்கார்ந்தபோதும் 2.1 டிகிரி ஏறியது. அதாவது, சூட்டில் பெரும்பகுதி உட்காரும் விதத்தால் வந்தது. லேப்டாப் அதன் மேல் இன்னும் கொஞ்சம் சேர்த்தது. 2011-ல் அதே குழு செய்த இன்னொரு சோதனையில், லேப்டாப்புக்கு அடியில் பேட் வைப்பதும் பெரிதாக உதவவில்லை என்று தெரிந்தது.

இந்தச் சோதனைகள் அளந்தது வெப்பத்தை மட்டும்தான். மடியில் லேப்டாப் வைத்தவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை என்று இவை சொல்லவில்லை. ஆனால், தினமும் பல மணி நேரம் இப்படி உட்காருவதற்கு எந்த அவசியமும் இல்லையே... ஒரு மேஜை போதும்.

சூடு என்றால் லேப்டாப் மட்டும் இல்லை. வெல்டிங் பட்டறை, பேக்கரி அடுப்பு, பரோட்டாக் கல், லாரி இன்ஜினுக்குப் பக்கத்திலான இருக்கை என்று நாள் முழுக்க வெப்பத்தில் வேலை செய்பவர்களும் மருத்துவரிடம் தங்கள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இறுக்கமான உள்ளாடையும் இதில் சேரும். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 656 ஆண்களிடம் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், தளர்வான உள்ளாடை அணிந்தவர்களுக்கு விந்தணு அடர்த்தி 25 சதவிகிதம் அதிகமாக இருந்தது.

பெண்களின் சினைப்பைகள் உடலுக்கு உள்ளே இருப்பதால், இந்தச் சூட்டுக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

செல்போன்: பயப்படும் அளவுக்கு இருக்கிறதா?

செல்போனிலிருந்து வரும் கதிர்வீச்சு, எக்ஸ்ரே போல அணுக்களைச் சிதைக்கும் வகையைச் சேர்ந்தது இல்லை. சக்தி குறைந்த ரேடியோ அலைகள்தான். இருந்தாலும், விந்தணுவை அது பாதிக்குமா என்று 20 வருடங்களாக ஆராய்ந்து வருகிறார்கள்.

இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகக் குழு 2014-ல் 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மொத்தம் 1,492 மாதிரிகள். செல்போன் தாக்கத்துக்கு உள்ளானவற்றில் விந்தணுக்களின் நீந்தும் திறன் சராசரியாக 8 சதவிகிதம் குறைந்திருந்தது. ஆனால், இவற்றில் பல ஆய்வகத்தில், கண்ணாடிக் குடுவைக்குப் பக்கத்தில் போனை வைத்துச் செய்யப்பட்டவை.

2023-ல் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த ஆய்வு இதைவிடப் பெரியது. 18 முதல் 22 வயது வரையிலான 2,886 இளைஞர்கள் இதில் கலந்துகொண்டார்கள். தினமும் 20 முறைக்கு மேல் போனைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு மில்லிலிட்டரில் 4.45 கோடி விந்தணுக்களும், வாரம் ஒருமுறைக்கு மேல் தொடாதவர்களுக்கு 5.65 கோடி விந்தணுக்களும் இருந்தன.

இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் பதறத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கையேட்டில் கீழ் வரம்பாகக் குறிப்பிடப்படுவது ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி. அதிகம் போன் பயன்படுத்தியவர்களின் அளவும் அதைவிட நன்றாகவே மேலே இருக்கிறது. பேன்ட் பாக்கெட்டில் போன் வைப்பதற்கும் விந்தணு குறைவுக்கும் அதே ஆய்வில் தொடர்பு தென்படவில்லை. 2005-07 காலத்தில் கூடுதலாக இருந்த இந்த வித்தியாசம், அடுத்தடுத்த வருடங்களில் குறைந்துகொண்டே வந்ததும் தெரிந்தது. பழைய போன்களைவிட 3ஜி, 4ஜி போன்கள் குறைந்த சக்தியில் அலைகளை அனுப்புவது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஆக, போனைப் பாக்கெட்டிலிருந்து பைக்கு மாற்றுவது நல்ல பழக்கம்தான். அதை மட்டும் செய்துவிட்டு "எல்லாம் சரியாகிவிடும்" என்று காத்திருப்பதுதான் தவறு.

டென்ஷன்: உண்மையும் பழியும்

மனஅழுத்தம் நீடித்தால் உடலில் கார்டிசால் அதிகமாகும். கருமுட்டை முதிரவும் வெளிவரவும் மூளையிலிருந்து வர வேண்டிய ஹார்மோன் கட்டளைகளை அது தடுமாற வைக்கும். தேர்வு நேரத்திலோ, வீட்டில் ஒரு துக்கம் நடந்த மாதத்திலோ சில பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவது இதனால்தான். ஆண்களுக்கும் இது உண்டு. நீண்ட கால மனஅழுத்தம் டெஸ்டோஸ்டிரோன் அளவையும் தாம்பத்ய ஆர்வத்தையும் குறைக்கக்கூடியது.

அமெரிக்காவின் மிச்சிகன், டெக்சாஸ் மாநிலங்களில் குழந்தைக்காக முயன்ற 501 தம்பதிகளை ஓர் ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2014-ல் வெளியானது. பெண்களின் உமிழ்நீரில் மனஅழுத்தத்தைக் காட்டும் ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியை அளந்தார்கள். அது மிக அதிகமாக இருந்த பெண்களுக்கு, ஒவ்வொரு மாதமும் கரு தரிக்கும் வாய்ப்பு 29 சதவிகிதம் குறைவாக இருந்தது. அதேநேரம், கார்டிசால் அளவுக்கும் கருத்தரிப்புக்கும் இந்த ஆய்வில் தொடர்பு காணப்படவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிகிச்சையில் இருந்த 3,583 பெண்களைப் பற்றிய 14 ஆய்வுகளை 2011-ல் தொகுத்துப் பார்த்தபோது, ஐ.வி.எஃப் போன்ற சிகிச்சைக்கு முன்பு இருந்த கவலையோ மனவருத்தமோ அதன் வெற்றியைப் பாதிக்கவில்லை என்று தெரிந்தது. "நீ டென்ஷன் ஆனதாலதான் தங்கல" என்று சிகிச்சை தோற்ற பெண்ணிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்பதற்கு இது ஒன்றே போதும். மாதாமாதம் ஏமாற்றம், ஊசி, ஸ்கேன், செலவு, உறவினர்களின் கேள்வி... டென்ஷன் வராமல் எப்படி இருக்கும்?

போன் பறிக்கும் நாள்கள்

போனின் கதிர்வீச்சைப் பற்றிப் பேசுபவர்கள் கவனிக்கத் தவறும் விஷயம், நேரம். ஒவ்வொரு மாதவிலக்குச் சுழற்சியிலும் கரு தரிக்க வாய்ப்புள்ள நாள்கள் சுமார் 6 மட்டுமே. கருமுட்டை வெளிவரும் நாளும், அதற்கு முந்தைய 5 நாள்களும். 28 நாள் சுழற்சி என்றால், மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய 9-வது நாள் முதல் 14-வது நாள் வரை.

கணவருக்கு நைட் ஷிஃப்ட், மனைவிக்குப் பகல் வேலை, வார இறுதியில் ஆளுக்கொரு ஸ்கிரீன் என்று இருக்கும் வீடுகளில் அந்த 6 நாள்கள் யாருக்கும் தெரியாமலே கடந்துவிடுகின்றன. படுக்கையில் போன் பார்ப்பதால் தூக்கம் தள்ளிப்போகிறது. தூக்கம் கெட்டால் ஹார்மோன்களும் தடுமாறும், எடையும் ஏறும். போனால் வரும் உறுதியான பாதிப்பு என்று தேடினால், அது இங்கேதான் இருக்கிறது.

கடைசியில் வரும் கணவர்

குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது. ஆனால், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, சினைக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே என்று மனைவிக்கு எல்லாம் முடிந்த பிறகே பல கணவர்கள் லேப் பக்கம் போகிறார்கள்.

விந்துப் பரிசோதனையில் ஊசியும் இல்லை, வலியும் இல்லை. மற்றவற்றோடு ஒப்பிட்டால் செலவும் குறைவு. 2 முதல் 7 நாள்கள் உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுத்தால் போதும். முதல் ரிப்போர்ட் சரியில்லை என்றால், இடைவெளி விட்டு இன்னொரு முறை பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

இதில் தெரியவரும் காரணங்கள் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. விதைப்பையின் ரத்தக் குழாய்கள் புடைத்துக்கொள்ளும் வேரிகோசீல் அவற்றில் ஒன்று. ஜிம்மில் உடம்பை ஏற்றுவதற்காகப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடியது. இது தெரியாமல் போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் இருக்கிறார்கள். புகை, மது, உடல் பருமன், சர்க்கரை நோய் ஆகிய எல்லாமே பாக்கெட்டில் இருக்கும் போனைவிடப் பெரிய எதிரிகள்.

இன்றே தொடங்கலாம்

* லேப்டாப்பை மேஜையில் வைத்து வேலை செய்யுங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.
* ஆண்கள் தளர்வான பருத்தி உள்ளாடை அணியுங்கள். வெந்நீர்த் தொட்டியில் நீண்ட நேரம் உட்கார வேண்டாம்.
* படுக்கையறைக்கு வெளியே போனுக்கு சார்ஜ் போடுங்கள். 7 மணி நேரத் தூக்கம் அவசியம்.
* மாதவிலக்குத் தேதிகளைக் குறித்து வையுங்கள். அதைக் கணவரும் தெரிந்துகொள்ளட்டும்.
* புகை, மது, மருத்துவர் சொல்லாத ஹார்மோன் ஊசிகளை நிறுத்துங்கள்.
* முதல் முறை மருத்துவரைப் பார்க்கும்போதே இருவரும் சேர்ந்து போங்கள்.

ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய 3 மாதங்கள் ஆகும். எனவே, இன்று மாற்றும் பழக்கத்தின் பலன் 3 மாதங்கள் கழித்துத்தான் ரிப்போர்ட்டில் தெரியும். பொறுமை தேவை. ஆனால், பரிசோதனைக்குப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டாம்.

"டென்ஷன் ஆகாதே" என்று மனைவியிடம் சொல்லும் கணவர்கள், "நானும் டெஸ்ட் எடுத்துக்கறேன், வா போகலாம்" என்று சொல்லிப் பாருங்கள். அவருடைய டென்ஷனில் பாதி அங்கேயே குறையும்.