செய்தியோடை தடைபடுதல்: பதிவுகள் சமூக ஊடகத்துக்குச் செல்லாதபோது செய்ய வேண்டியவை

செய்தியோடை என்பது, ஓர் இணையதளம் தன் புதிய பதிவுகளின் தலைப்பு, சுருக்கம், நாள், இணைப்பு ஆகியவற்றை இயந்திரங்கள் படிக்கும் வடிவில் அடுக்கி வைத்திருக்கும் சிறு கோப்பாகும். ஃபீட் என்றும், அதன் பழைய வடிவத்தின் பெயரால் ஆர்எஸ்எஸ் என்றும் இதை அழைப்பர். பெயர் ஒன்றாக இருப்பதைத் தவிர நாக்பூர் அமைப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1999-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இதன் முதல் வடிவம் வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ராமநாதன் குஹா, சென்னை ஐஐடியில் படித்தவர். இன்று பரவலாக உள்ள 2.0 வடிவம் 2002-ல் வெளியானது. ஆட்டம் என்னும் இன்னொரு வடிவம் 2005-ல் தரப்படுத்தப்பட்டது.

வேர்ட்பிரஸில் அமைந்த தளமாக இருந்தால், முகவரியின் முடிவில் ஒரு சாய்கோடும் ஃபீட் என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால் செய்தியோடை கிடைக்கும். ஐஎஃப்டிடிடி, சேப்பியர் போன்ற இடைநிலைச் சேவைகள் இந்தக் கோப்பைக் குறிப்பிட்ட இடைவெளியில் வந்து பார்க்கின்றன. புதிய பதிவு இருந்தால் அதை எடுத்து, நாம் சொல்லி வைத்திருக்கும் முகநூல் பக்கத்திலோ டெலிகிராம் சேனலிலோ இடுகின்றன. நாம் தளத்தில் ஒருமுறை எழுதினால் போதும். மற்ற இடங்களுக்கு அது தானே போய்ச்சேரும்.

ஒருநாள் போய்ச்சேராமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஓர் அனுபவம்

மாணவர்களுக்கான பாடக்குறிப்புகளையும் தேர்வு அறிவிப்புகளையும் ஒரு சிறு தளத்தில் இட்டுவருகிறேன். மாணவர்களோ பெற்றோரோ நேராகத் தளத்துக்கு வருவது அரிது. முகநூல் பக்கத்தில் தோன்றும் இணைப்பைத் தொட்டுத்தான் வருவார்கள். ஓர் ஆண்டு, எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்குப் பள்ளியில் விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் எது என்று எழுதியிருந்தேன். நாள் கடந்த பிறகு ஒரு மாணவியின் தாயார் தொலைபேசியில் அழைத்து, "சார், இந்த வருஷம் நீங்க ஒண்ணும் போடலையே?" என்று கேட்டார். நான் போட்டிருந்தேன். தளத்தில் அது இருந்தது. முகநூல் பக்கத்தைத் திறந்து பார்த்தால், பத்தொன்பது நாட்களாக அங்கே ஒரு பதிவும் இல்லை.

செய்தியோடையின் முகவரியை என் கைப்பேசியில் திறந்தேன், நன்றாகத் திறந்தது. ஆகவே குற்றம் இடைநிலைச் சேவையிடம்தான் என்று முடிவுகட்டி, அவர்களுக்குக் கொஞ்சம் காரமாகவே ஒரு மின்னஞ்சல் எழுதினேன். நான்கு நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: உங்கள் வழங்கி எங்களுக்கு 403 என்று விடையளிக்கிறது. என் தளத்தைத் தாங்கும் நிறுவனம் தன் பாதுகாப்பு விதிகளைப் புதுப்பித்திருந்தது. அதில் அந்தச் சேவை வெளியே தள்ளப்பட்டிருந்தது. எனக்குத் திறந்த கதவு அவர்களுக்கு மூடியிருந்தது. நம் உலாவியில் தெரிவதுதான் எல்லோருக்கும் தெரியும் என்று நான் எண்ணியதே தவறு. நான்கு நாள் அதில் வீணாயிற்று.

வழங்கி சொல்லும் எண்கள்

ஒரு பக்கத்தைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் வழங்கி மூன்று இலக்க எண் ஒன்றை முதலில் சொல்கிறது. 200 என்றால் சரி, எடுத்துக்கொள். 304 என்றால் நீ கடைசியாக வந்து போன பின் எதுவும் மாறவில்லை. 401 என்றால் கடவுச்சொல் வேண்டும். 404 என்றால் அப்படி ஒரு பக்கம் இங்கே இல்லை. 410 என்றால் இருந்தது, நிரந்தரமாக நீக்கிவிட்டோம். 429 என்றால் அளவுக்கு மீறி அடிக்கடி வருகிறாய். 500-ம் 503-ம் வழங்கியின் சொந்தக் கோளாறுகள்.

நமக்கு முக்கியமானது 403. நீ கேட்டது புரிகிறது, ஆனால் தரமாட்டேன் என்பது அதன் பொருள். தடை பற்றிய புகார்களில் பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் காண்போம். மாட்செக்யூரிட்டி என்னும் வழங்கிப் பாதுகாப்பு நிரல் சில இடங்களில் 403-க்குப் பதிலாக 406 என்று சொல்லும், விளைவு ஒன்றே.

எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்கும் பக்கத்தைச் சில பாதுகாப்பு நிரல்கள் 200 என்ற எண்ணோடே அனுப்பிவிடுகின்றன. சேவை கதவு திறந்துவிட்டது என்று எண்ணி உள்ளே பார்க்கிறது. அங்கே செய்தியோடை இல்லை, ஒரு சாதாரண வலைப்பக்கம் இருக்கிறது. அப்போது சேவை காட்டும் பிழைச்செய்தி தடை என்று இருக்காது. செய்தியோடை செல்லாது, எக்ஸ்எம்எல் பிழை என்பதுபோல இருக்கும். அதைப் படித்துவிட்டுப் பதிவில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இயந்திரங்கள் படிப்பதற்கென்றே உருவான கோப்பின் வாசலில், நீ மனிதனா என்று கேட்கும் காவலாளியை நிறுத்துவது வேடிக்கைதான். வேண்டுமென்று யாரும் அப்படிச் செய்வதில்லை. தளம் முழுவதற்கும் ஒரே விதி போடும்போது செய்தியோடையும் அதற்குள் அகப்பட்டுக்கொள்கிறது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் தானியங்கிகள் தளங்களை வாரிச் செல்லத் தொடங்கிய பிறகு இத்தகைய விதிகள் இறுகிவிட்டன. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2025 ஜூலை முதல், தன்னிடம் புதிதாகச் சேரும் தளங்களில் அத்தகைய தானியங்கிகளைத் தடுப்பதையே இயல்பான ஏற்பாடாக வைத்தது.

யார் தடுக்கிறார் என்று கண்டறிதல்

தடுப்பவர் பலராக இருக்கலாம். வேர்ட்பிரஸில் நாமே நிறுவிய பாதுகாப்புச் செருகுநிரல், தளத்தைத் தாங்கும் நிறுவனம், தளத்துக்கு முன்னால் நிற்கும் கிளவுட்ஃபிளேர் போன்ற இடைநிலை வலையமைப்பு ஆகிய மூவரில் ஒருவராகவே பெரும்பாலும் இருப்பர். தடுக்கும் காரணமும் பல. வந்தவர் சொல்லும் பெயர் பிடிக்காமல் தடுக்கலாம். வந்த ஐபி முகவரி பிடிக்காமல் தடுக்கலாம். வெளிநாட்டிலிருந்து வருவதால் தடுக்கலாம். இந்தியாவுக்கு வெளியிலிருந்து யாரும் வரவேண்டாம் என்று விதி போட்டுவிட்டால், அமெரிக்காவில் உள்ள கணினிகளிலிருந்து வரும் சேவையும் அதில் அடிபட்டுப்போகும்.

எந்தக் காரணம் என்பதை வீட்டிலிருந்தே ஓரளவு பிரித்தறியலாம். கர்ல் என்றொரு சிறு கருவி உண்டு. விண்டோஸின் அண்மைப் பதிப்புகளிலும் மேக்கிலும் அது முன்பே இருக்கிறது. லினக்ஸில் பெரும்பாலும் இருக்கும். கறுப்புத் திரையில் கட்டளை எழுதி இயக்க வேண்டும். எந்தப் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டுவது என்பதை அதில் நாமே தீர்மானிக்கலாம் என்பதுதான் அதன் சிறப்பு. முதலில் குரோம் உலாவியின் பெயரைச் சொல்லிச் செய்தியோடையைக் கேளுங்கள். பிறகு இடைநிலைச் சேவையின் தானியங்கி என்ன பெயரில் வருகிறதோ, அதே பெயரைச் சொல்லிக் கேளுங்கள். முன்னதற்கு 200-ம் பின்னதற்கு 403-ம் வந்தால், தடை பெயரின் மீதுதான். விசாரணை அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டுக்கும் 200 வந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். நீங்கள் உங்கள் வீட்டு இணைப்பிலிருந்து, இந்திய ஐபி முகவரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அடுத்து வெளியிலிருந்து பார்க்க வேண்டும். டபிள்யூ3சி அமைப்பு செய்தியோடைகளைச் சோதிக்க இலவசப் பக்கம் ஒன்றை நடத்துகிறது. அதில் முகவரியை இட்டால், உங்கள் கணினி அல்ல, அவர்களுடைய கணினி வந்து உங்கள் தளத்தைக் கேட்கும். அதற்கும் கதவு மூடியிருந்தால் நாடு அல்லது ஐபி சார்ந்த தடை என்று ஐயப்படலாம். அதற்குத் திறந்து, உங்கள் சேவைக்கு மட்டும் மூடியிருந்தால், அந்தச் சேவையின் ஐபி முகவரிகள் ஏதோ ஒரு கறுப்புப் பட்டியலில் இருக்கக்கூடும்.

இவை எல்லாவற்றையும்விட நம்பத்தக்க சாட்சி வழங்கியின் வருகைப்பதிவேடு. பள்ளியின் வருகைப்பதிவேடு போலவே யார், எப்போது வந்தார், எதைக் கேட்டார், என்ன எண் பெற்றார் என்று ஒவ்வொரு வரியாக அதில் இருக்கும். செய்தியோடையின் பாதையைத் தேடினால் அதைக் கேட்டவர்கள் எல்லோரும் வரிசையாக வருவார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல பதிவேடுகளில் நேரம் உலகப் பொது நேரத்தில் எழுதப்பட்டிருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். காலை 9 மணிக்கு நடந்ததை அதிகாலை 3.30 என்ற வரியில் தேட வேண்டும். இதை மறந்து சேவை வரவே இல்லை என்று நானே ஒருமுறை எழுதிவிட்டேன்.

உண்மையிலேயே பதிவேட்டில் சேவையின் வரியே இல்லை என்றால், அது முன்னால் நிற்கும் கிளவுட்ஃபிளேர் போன்ற இடத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்கலாம். அவர்களுடைய கட்டுப்பாட்டுப் பக்கத்தில் பாதுகாப்பு நிகழ்வுகள் என்று தனிப் பட்டியல் உண்டு, அங்கே பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் சேவை வருவதையே நிறுத்தியிருக்கலாம். தொடர்ந்து சிலமுறை தோல்வி கண்டால், அந்த இணைப்பைத் தாமாகவே அணைத்துவிடும் சேவைகள் உண்டு.

கதவைத் திறத்தல்

பாதுகாப்பை மொத்தமாக அணைத்துவிடலாம் என்ற எண்ணம் முதலில் வரும். வேண்டாம். சேவையின் பெயரைச் சொல்லி வருவோரை எல்லாம் விடு என்று விதி எழுதுவதும் நல்லதல்ல. மேலே கர்லில் நாம் செய்ததுபோல, எந்தப் பெயரையும் யாரும் சொல்லிக்கொள்ளலாம். ஐபி முகவரிகளைப் பட்டியலிடலாம் என்றால், சேவைகள் அவற்றை மாற்றிக்கொண்டே இருக்கும். பாதையைத் திறப்பதே என் அனுபவத்தில் நிலைத்து நிற்கும் வழி: செய்தியோடையின் பாதைக்கு மட்டும் மனிதச் சோதனை வேண்டாம், உள்நுழைவுப் பக்கம் முதலான மற்றவற்றுக்கு இருக்கட்டும். செய்தியோடையில் இருப்பது ஏற்கெனவே பொதுவில் வெளியிட்டதுதான்; அதைத் திறந்து வைப்பதில் இழப்பொன்றுமில்லை.

கிளவுட்ஃபிளேரில் இத்தகைய விதிவிலக்கை நாமே எழுதலாம். ஆனால் அதன் இலவசத் திட்டத்தில் உள்ள பாட் ஃபைட் மோட் என்ற ஏற்பாடு இந்த விதிவிலக்குகளுக்குக் கட்டுப்படாது. விதி சரியாக இருந்தும் தடை நீங்கவில்லையென்றால் அந்த ஏற்பாட்டை அணைத்துப் பாருங்கள்.

தடுப்பது தாங்கும் நிறுவனம் என்றால் அவர்களுக்குத்தான் எழுத வேண்டும். "என் செய்தியோடை வேலை செய்யவில்லை" என்று எழுதினால், "எங்களுக்குத் திறக்கிறதே" என்று பதில் வரும். அதற்கு மாறாகச் செய்தியோடையின் முழு முகவரி, சேவையின் பெயர், நாள், நேரம், அது எந்த நேரக்கணக்கு, வந்த ஐபி முகவரி, கிடைத்த எண் ஆகியவற்றை எழுதி, எந்த விதி இதைத் தடுத்தது என்று கேளுங்கள். நான் அப்படி எழுதிய அன்றே பதில் வந்தது.

தளம் உங்களுடையது அல்ல என்றால் நிலைமை வேறு. பிறர் தளத்தின் செய்தியோடையை நீங்கள் பகிர்ந்துவந்து, அவர்கள் அதை மூடிவிட்டால், அது அவர்கள் வேண்டுமென்றே எடுத்த முடிவாகவும் இருக்கலாம். கேட்டுப் பார்க்கலாம், சுற்றுவழி தேடக்கூடாது.

தடைபோலத் தோன்றும் பிற கோளாறுகள்

கோப்பின் முதல் வரிக்கு முன் ஒரே ஒரு வெற்று வரி இருந்தாலும் எக்ஸ்எம்எல் செல்லாததாகிவிடும். வேர்ட்பிரஸில் ஏதேனும் நிரல்கோப்பைத் திருத்தும்போது முடிவில் தட்டிவிட்ட என்டர் விசை இதற்குப் போதும். கையால் செய்தியோடை அமைப்பவர்கள் நாளைத் தமிழில் எழுதிவிடுவதுண்டு. ஆர்எஸ்எஸ் விதிப்படி மாதத்தின் பெயர் மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கமாகத்தான் இருக்க வேண்டும்; ஆடி, ஆவணி மட்டுமல்ல, ஜனவரி என்று தமிழில் எழுதினாலும் சேவைக்குப் புரியாது. பாதுகாப்புச் சான்றிதழின் இடைநிலைச் சான்றிதழ் விடுபட்டிருந்தால் உலாவிகள் பெரும்பாலும் தாமே ஈடுகட்டிக்கொள்ளும். சேவையின் நிரல் திரும்பிப் போய்விடும். பிளாகரில் தளம் நடத்துவோர், அமைப்புகளில் செய்தியோடை ஏதுமில்லை என்று தேர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

தளத்திலும் சேவையிலும் குற்றமில்லாமல், சமூக ஊடகமே கதவடைப்பதும் உண்டு. 2018 ஆகஸ்டு முதல் முகநூல், தனிநபர் பக்கங்களில் வெளிச்செயலிகள் பதிவிடுவதை நிறுத்திவிட்டது. அமைப்புகளுக்கான பக்கங்களில் மட்டும் இடலாம். 2023-ல் ட்விட்டர் தன் இலவச வழிகளைக் குறுக்கியபோது பல சேவைகளின் ட்விட்டர் இணைப்புகள் நின்றன அல்லது கட்டணமாயின. டெலிகிராமுக்குப் பதிவு போகிறது, முகநூலுக்கு மட்டும் போகவில்லை என்றால், செய்தியோடையை விட்டுவிட்டு அந்த முகநூல் இணைப்பின் அனுமதியைப் புதுப்பித்துப் பாருங்கள்.

சரியான பிறகு

கதவு திறந்ததும் விடுபட்ட பதிவுகள் எல்லாம் தாமாகப் போய்விடும் என்று எண்ண வேண்டாம். வேர்ட்பிரஸ் செய்தியோடையில் வழக்கமாகக் கடைசிப் பத்துப் பதிவுகள் மட்டுமே இருக்கும். தடைக்காலத்தில் பதினைந்து எழுதியிருந்தால், முதல் ஐந்து சேவையின் கண்ணில் படாமலே வெளியேறியிருக்கும். மீதமுள்ளவற்றைச் சில சேவைகள் பழையவை என்று விட்டுவிடும். சில, பத்தையும் ஒரே நிமிடத்தில் கொட்டிவிடும். ஆகவே இணைப்பை உயிர்ப்பிக்கும் முன், விடுபட்டவற்றில் நாள் கடக்காதவை எவை என்று பார்த்து, அவற்றைக் கையால் இடுவது நல்லது. அவ்வாறு நான் பார்த்தபோது பள்ளி நூலகப் போட்டி ஒன்றுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதை அன்றிரவே இட்டேன். உதவித்தொகைத் தேர்வுக்கு ஒன்றும் செய்ய இயலவில்லை. இப்போது கடைசி நாள் உள்ள அறிவிப்பு எதுவானாலும், தளத்தில் இட்ட மறுநாள் காலை என் மனைவியின் கைப்பேசியில் முகநூல் பக்கத்தைத் திறந்து, அது வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.