பிடிச்ச கேமோட அடுத்த பாகமா? ப்ரீ-ஆர்டர் போடும் முன் இதைப் படிங்க

பிடிச்ச கேமோட அடுத்த பாகம் வருதுன்னா, சம்பளம் வந்த கையோட ப்ரீ-ஆர்டர் போட்டுடுறோம். அது சரியான செலவா?

ஒரு உதாரணம். 2015-ல் வந்த 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்', நகரம் கட்டும் கேம். ரசிகர்கள் வருஷக்கணக்கா விளையாடினாங்க. அதனால இரண்டாம் பாகத்துக்கு ஏகப்பட்ட எதிர்பார்ப்பு. 2023 அக்டோபரில் வந்தப்போ, நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரிலேயே கேம் திணறியது.

இப்போ பணக் கணக்குக்கு வருவோம். ரிலீஸ் ஆனப்போ சாதாரண எடிஷன் சுமார் 50 டாலரா, அல்டிமேட் எடிஷன் சுமார் 90 டாலரா இருந்தது. கூடுதல் 40 டாலர் பெரும்பாலும் பின்னாடி வரப்போற டிஎல்சி-க்காக. 2024 மார்ச்சில் வந்த 'பீச் ப்ராப்பர்ட்டீஸ்' டிஎல்சி-யும் சொதப்பல். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அதை இலவசமாக்கியது. தனியா வாங்கினவங்களுக்கு ரீஃபண்ட் கிடைச்சது. ஆனா அல்டிமேட் எடிஷன் வாங்கினவங்களுக்குப் பணம் திரும்ப வரலை. பதிலுக்கு வேற டிஎல்சி-தான் கொடுத்தாங்க.

அதாவது, அதிகமா நம்பினவங்களுக்குத்தான் பணம் மாட்டிக்கிச்சு. மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தில் சொல்ற அதே விஷயம்தான்: பழைய லாபம் நாளைக்கு உத்தரவாதம் இல்லை.

அப்போ என்ன செய்யலாம்?

1. டிஜிட்டல் கேம் ஸ்டாக் தீராது. ரிலீஸுக்குப் பிறகு ரெண்டு வாரம் பொறுங்க, ரிவ்யூ பாருங்க.

2. முதல்ல சாதாரண எடிஷன் போதும். டிஎல்சி வந்த பிறகு, நல்லா இருந்தா வாங்கிக்கலாம்.

3. ஸ்டீமில் வாங்கினா, 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவா விளையாடியிருந்தா ரீஃபண்ட் கேட்கலாம்.

ரசிகரா இருங்க, தப்பில்லை. அட்வான்ஸ் மட்டும் கொடுக்காதீங்க.