பூனைத் தெள்ளு

பூனைத் தெள்ளு என்பது விலங்குகளின் இரத்தத்தை உறிஞ்சி வாழும் சிறகற்ற சிறு பூச்சியாகும். இதன் அறிவியற் பெயர் டெனோசெபாலிடிஸ் பெலிஸ். பெயரில் பூனை இருந்தாலும், நாய்களிலும் பெரும்பாலும் காணப்படுவது இவ்வினமே. இது உண்ணியைப் போல் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிராமல் மயிர்களுக்கிடையே விரைந்து ஓடும். மனிதரையும், குறிப்பாகக் கணுக்காலைச் சுற்றி, கடிக்கும்.

வாழ்க்கைச் சுழற்சி

இது முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என்னும் நான்கு நிலைகளைக் கொண்டது. இரத்தம் குடித்த பெண் தெள்ளு ஒரு நாளில் 40 முட்டைகள் வரை இடக்கூடும். வழவழப்பான முட்டைகள் விலங்கின் உடலிலிருந்து உதிர்ந்து, அது படுக்கும் இடங்களில் விழுகின்றன. சில நாட்களில் வெளிவரும் புழுக்கள் வெளிச்சத்தைத் தவிர்த்துப் பாய், விரிப்பு, தரை இடுக்கு ஆகியவற்றில் ஒளிந்துகொள்ளும். முதிர்பூச்சிகளின் எச்சத்திலுள்ள உலர்ந்த இரத்தமே அவற்றின் முக்கிய உணவு.

பின்னர் புழு பட்டிழையால் கூடு கட்டுகிறது. கூட்டின்மேல் தூசி ஒட்டிக்கொள்வதால் அதைக் கண்டறிவது கடினம். பூச்சிக்கொல்லியும் எளிதில் உள்ளே செல்லாது. வளர்ந்த தெள்ளு கூட்டினுள் பல மாதங்கள் காத்திருக்கும். அதிர்வு, வெப்பம், மூச்சுக்காற்றின் கரியமில வாயு ஆகியவற்றை உணர்ந்ததும் வெளிவரும். நெடுநாள் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்தவுடன் தெள்ளுகள் மொய்ப்பதற்கும், மருந்து தெளித்த பின்னரும் அவை தோன்றுவதற்கும் இதுவே காரணம். ஏற்ற வெப்பமும் ஈரப்பதமும் இருந்தால் சுழற்சி மூன்று, நான்கு வாரங்களில் முடிந்துவிடும்.

கண்டறிதல்

விலங்கின் உடலைச் சீவும்போது உதிரும் கறுப்புத் துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் இட வேண்டும். செந்நிறக் கறை பரவினால் அது தெள்ளின் எச்சமாகும்.

ஒழிக்கும் முறை

விலங்கின் மேல் காணப்படும் தெள்ளுகள் மொத்தத்தில் சிறு பங்கே. எனவே விலங்குக்கும் வீட்டுக்கும் ஒரே காலத்தில் சிகிச்சை தேவை.

* வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைகளுக்கும் கால்நடை மருத்துவர் கூறும் மருந்தை இட வேண்டும்.
* அவற்றின் படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைக்க வேண்டும்.
* தரை, இடுக்குகள், மெத்தை ஆகியவற்றைத் தூசி உறிஞ்சியால் அடிக்கடி சுத்தம் செய்து, குப்பையை உடனே அகற்ற வேண்டும்.
* கூடுகளில் எஞ்சியவை வெளிவந்து தீரும்வரை, சில மாதங்களுக்கு இவற்றைத் தொடர வேண்டும்.

எச்சரிக்கை

நாய்களுக்கான சில மருந்துகளிலுள்ள பெர்மெத்ரின் பூனைகளுக்குக் கடும் நஞ்சாகும், உயிரிழப்பும் ஏற்படலாம். தெள்ளை விழுங்கும் விலங்குகளுக்கு நாடாப்புழு தொற்றக்கூடும் என்பதால், குடற்புழு நீக்கம் பற்றியும் மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது.