சிதைந்த வட்டுத் தொகுதியும் தரவு மீட்பும்: ஆவணப் பேணல் நோக்கில் ஒரு விளக்கம்

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. அத்தகைய இழப்புக்கு ஈடுசெய்யும் முயற்சிகளுள் ஒன்றாக, ஈழத்துத் தமிழ் நூல்களை எண்ணிம வடிவிற் பேணும் நூலகத் திட்டம் 2005 இல் தொடங்கிற்று. இன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் இயங்கும் சிறு அச்சகங்களும் சங்கங்களுங்கூடத் தம் ஆவணங்களைக் கணினி வட்டுகளிலேயே வைத்திருக்கின்றன. ஆதலின் வட்டின் சிதைவு பண்பாட்டுப் பிரச்சினையுமாகும். எரிந்த நூல் மீளாது. சிதைந்த வட்டுத் தொகுதியோ பல வேளைகளில் அழிந்தது போன்று தோன்றுகின்றதேயன்றி அழிந்துவிடுவதில்லை. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லினக்ஸ் இயங்குதளத்தில் எல்.வி.எம். எனப்படும் ஏற்பாட்டை 1998 இல் ஹைன்ஸ் மௌவல்ஸ்ஹாகன் உருவாக்கினார். பல வட்டுகளை ஒரே சேமிப்புக் குழுவாக இணைத்து, அதிலிருந்து வேண்டிய அளவில் ‘தருக்கத் தொகுதிகளை’ வகுப்பதற்கு இது வழி செய்கின்றது. ஒவ்வொரு வட்டும் வழக்கமாக 4 மெகாபைட் அளவுள்ள துண்டுகளாகக் கணக்கிடப்படும். எந்தத் துண்டு எந்தத் தொகுதியைச் சார்ந்தது என்னும் விவரம், மனிதர் வாசிக்கத்தக்க எழுத்து வடிவில் வட்டின் தொடக்கப் பகுதியில் எழுதப்படுகின்றது. நூலகமொன்றின் பட்டியலுக்கு இதனை ஒப்பிடலாம். பட்டியல் தொலைந்தால் நூலைக் கண்டெடுக்க இயலாது. எனினும் நூல்கள் அலுமாரியிலேயே இருக்கின்றன.

முதற்கண் செய்யவேண்டியது, அவ்வட்டில் எதையும் எழுதாதிருத்தல். அடுத்து, டி.டி.ரெஸ்கியூ போன்ற கருவியினால் ஒவ்வொரு வட்டையும் அதற்குக் குறையாத அளவுடைய வேறொரு வட்டிற்கு முழுமையாகப் படியெடுத்தல் வேண்டும். இனிவரும் பணிகள் யாவும் படியின் மீதே நடைபெறுதல் தகும்.

மூன்றாவது பணி பட்டியலைத் தேடுதல். எல்.வி.எம். தன் பட்டியலின் படிகளை இயங்குதளத்தின் ‘ஈ.டி.சி.’ அடைவினுள்ளும் வைத்திருக்கும். அவ்வடைவும் அதே சிதைந்த குழுவினுள் அகப்பட்டிருப்பின், குழுவின் ஏனைய வட்டுகளை நாடலாம். வழக்கமாக ஒவ்வொரு வட்டிலும் பட்டியலின் படியொன்று உண்டு. பட்டியல் கிடைத்தபின், தலைப்பகுதி அழிந்த வட்டுக்கு அதன் பழைய அடையாள எண்ணையே மீளக் கொடுத்தல் வேண்டும். புதிய எண் கொடுப்பின் பட்டியல் அதனை இனங்காணாது. அதன்பின் ‘வி.ஜி.சி.எஃப்.ஜி.ரெஸ்டோர்’ என்னும் கட்டளை குழுவின் அமைப்பை மீட்டுத்தரும். தொகுதியை இயக்கியதும், வாசிப்பதற்கு மட்டுமாகத் திறந்து கோப்புகளைப் பிறிதோரிடத்திற் சேர்க்கவேண்டும். பழுதுபார்க்கும் கட்டளைகளை அவசரப்பட்டு ஏவுதல், மீட்கத்தக்கதையும் கெடுத்துவிடக்கூடும்.

இம்முறைக்கு எல்லை உண்டு. பட்டியல் சிதைந்தால் மீட்பு எளிது. வட்டே செயலிழந்தால் நிலைமை வேறு. தொகுதி வட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருப்பின், எஞ்சிய வட்டிலுள்ள கோப்புகளிற் சிலவற்றைப் பெறலாம். தரவு வட்டுகளிடையே மாறிமாறிப் பங்கிடப்பட்டிருப்பின் பெரும்பாலும் ஒன்றும் எஞ்சாது. வட்டுகளை இணைப்பது கொள்ளளவைப் பெருக்குமேயன்றித் தானாகவே பாதுகாப்பைத் தராது. மாறாக, ஒரு வட்டின் கேடு பலவற்றைப் பாதிக்கும் வாய்ப்பை அது கூட்டுகின்றது.

பாதுகாப்பென்பது வேறிடத்தில் உள்ள படி ஒன்றே. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்க முகிற் சேவை பணயத் தாக்குதலுக்கு உள்ளானபோது, ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன; மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகளுக்குப் பிரதி இல்லாமையால் அவை இழக்கப்பட்டன. அங்கு நிகழ்ந்தது வேறுவகைக் கேடாயினும், அது உணர்த்தும் உண்மை ஒன்றே. அரசின் வளம் வாய்ந்த நிறுவனத்துக்கே இக்கதியெனின், பழைய வட்டுகளைச் சேர்த்து நூற்றொகை காக்கும் எளிய சங்கங்களின் நிலை எத்தகையது என்பது சிந்திக்கற்பாலது. பட்டியலின் படியொன்றைக் கடதாசியில் அச்சிட்டு வைப்பதும், தரவின் படியொன்றை வேறொரு கட்டடத்தில் வைப்பதும் பெருஞ் செலவுடையன அல்ல. ஒரே இடத்தில் குவிக்கப்பட்ட அறிவு ஒரே நாளில் அழியக்கூடும் என்பதை ஒருமுறை அனுபவித்த சமூகம், அதனை எண்ணிம வடிவில் மீண்டும் கற்கவேண்டிய நிலைக்கு ஆளாதல் கூடாது.