கொரில்லா ஏன் மார்பில் அறைகிறது?

எழுந்து நின்று மார்பில் படபடவென்று அறையும் கொரில்லாவைக் கொலைவெறி பிடித்த விலங்காகவே திரைப்படங்கள் நமக்குப் பழக்கிவிட்டன. உண்மை வேறு. ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகியவற்றின் எல்லையிலுள்ள விருங்கா எரிமலைத் தொடரில் வாழும் மலை கொரில்லாக்களுக்கு, அந்த ஓசை பெரும்பாலும் சண்டையைத் தவிர்க்கும் வழி.

கொரில்லா முஷ்டியால் குத்துவதில்லை. உள்ளங்கையைக் குவித்து அறைகிறது. ஓசை அடர்ந்த காட்டையும் தாண்டிக் கேட்கும். உடல் பெருத்த ஆணின் அறையோசை தாழ்ந்த சுருதியில் ஒலிக்கிறது என்று ருவாண்டாவில் நடந்த ஆய்வொன்று 2021இல் காட்டியது. எதிராளியின் பலத்தைக் காதாலேயே அளந்து, மோதாமல் விலகிப்போக இது உதவக்கூடும். மோதல் மூண்டாலோ உயிரும் போகலாம்.

குடும்பத்தின் காவலன்

ஆணுக்குப் பன்னிரண்டு வயதையொட்டி முதுகு முடி வெளுக்கத் தொடங்கும். இந்த 'வெள்ளிமுதுகு' ஆணே கூட்டத்தின் தலைவன். எங்கே மேய்வது, எப்போது ஓய்வது என்பதெல்லாம் அதன் முடிவு. இலை, தண்டு, மூங்கில் குருத்து ஆகியவையே முக்கிய உணவு. இரவுதோறும் இலைதழைகளால் புதுப் படுக்கை அமைத்துக்கொள்ளும். தலைவன் இறந்தால் குட்டிகளுக்கு ஆபத்து. வேற்று ஆண் அவற்றைக் கொல்லக்கூடும். அப்படிப்பட்ட நிலையில் ஒரு வெள்ளிமுதுகின் சாவு அதோடு முடிவதில்லை.

மெல்லப் பெருகும் இனம்

தாய் எட்டரை மாதம் சுமந்து ஈனும். அடுத்த குட்டிக்குச் சுமார் நான்கு ஆண்டுகள் ஆகும். ஆகவே இழப்பை ஈடுகட்ட இவற்றுக்கு நெடுங்காலம் வேண்டும். 1980களின் தொடக்கத்தில் விருங்காவில் எஞ்சியிருந்தவை சுமார் 250 மட்டுமே. இன்று உகாண்டாவின் ப்விண்டி காட்டையும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் உள்ளன. 2018இல் இவை 'மிக அருகிய' பட்டியலிலிருந்து 'அருகிய' பட்டியலுக்கு மாற்றப்பட்டன.

இந்த மீட்சி தானாக வந்ததல்ல. காவலர்கள் அன்றாடம் ரோந்து சென்று சுருக்குக் கண்ணிகளை அகற்றினார்கள். மருத்துவர்கள் காட்டுக்குள்ளேயே சிகிச்சை அளித்தார்கள். சுற்றுலா வருவாயில் ஒரு பங்கு சுற்றுப்புற ஊர்களுக்கும் சென்றது.

ஆனால் அந்தச் சுற்றுலாவிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. நமக்கு வெறும் சளியாக வந்துபோகும் தொற்று, கொரில்லாவின் உயிரையே பறிக்கலாம். எனவே காண வருவோர் முகக்கவசம் அணிந்து தள்ளி நிற்பதைச் சடங்காக நினைக்கக் கூடாது. நாற்பது ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த எண்ணிக்கையைக் காக்க, இருமலோடு வந்தவரைக் காட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பும் கண்டிப்பும் வேண்டும்.