சுண்ணாம்புச் சிலைகளும் மொட்டையான மலைச்சரிவும்

ஜோர்டான் நாட்டுத் தலைநகர் அம்மானின் ஓரத்தில், ஜர்கா ஆற்றங்கரையில் ஐன் கஸால் என்ற தொல்லூர் உள்ளது. 1970களில் சாலைக்காக மண்ணை வெட்டியபோது இது வெளிப்பட்டது. 1982 முதல் தொல்லியல் அறிஞர் கேரி ரோல்லெஃப்சன் தலைமையில் அகழாய்வு நடைபெற்றது. உலகின் முதல் விவசாயிகளுள் சிலர் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் இங்கு வாழ்ந்தனர். கோதுமை, பார்லி, பட்டாணி, கொண்டைக்கடலை பயிரிட்டனர், வெள்ளாடு வளர்த்தனர். மண்பானை வனையும் தொழில் அப்போது தோன்றவில்லை.

வீட்டுக்குள்ளேயே அடக்கம்

இறந்தவரைக் கைகால் மடக்கி, வீட்டுத் தரைக்கடியிலோ முற்றத்திலோ புதைத்தனர். சதை மக்கிய பின் குழியைத் திறந்து மண்டை ஓட்டை மட்டும் எடுத்தனர். சிலவற்றின் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசி முகம் அமைத்தனர். இம்மரியாதை எல்லோருக்கும் கிடைக்கவில்லை. சிலருடைய எலும்புகள் குப்பைக் குழிகளில், தலை அகற்றப்படாமல் கிடைத்துள்ளன.

நாணல் மேல் சாந்து

1983, 1985 ஆகிய ஆண்டுகளில் இரண்டு குழிகளிலிருந்து சுமார் 30 சிலைகள் எடுக்கப்பட்டன. பெரியவை ஏறக்குறைய மூன்றடி உயரம். நாணலைக் கட்டி உருவம் செய்து, அதன்மேல் சாந்து பூசியுள்ளனர். கண்களுக்கு நிலக்கீலால் கருமை தீட்டியுள்ளனர். இரட்டைத் தலைச் சிலைகளும் உண்டு. இவை முன்னோரைக் குறித்தவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மனிதரைப் போலவே இச்சிலைகளையும் குழி தோண்டிப் புதைத்தே வைத்தனர்.

விறகு தந்த விலை

சிலைக்கு மட்டுமா சுண்ணாம்பு? வீட்டுத் தரை முழுவதும் அதே சாந்துதான். தரையை அடிக்கடி புதிதாகப் பூசினர். சுண்ணாம்புக் கல்லை நீற்ற ஏராளமான விறகு வேண்டும். சுற்றிலும் மரம் குறைந்துகொண்டே வந்தது. பிற்கால வீடுகளின் தூண் குழிகள் சிறுத்துப் போனதே இதற்குச் சாட்சி. பருத்த மரம் கிடைக்கவில்லை. துளிர்த்த கன்றுகளை வெள்ளாடுகள் கடித்தன. பிடிப்பு இழந்த சரிவில் மேல்மண் மழையில் கரைந்தது, விளைச்சல் குன்றியது. காலப்போக்கில் ஊரும் சுருங்கியது. வறட்சியும் ஒரு காரணம் என்பாரும் உண்டு.

முன்னோரைக் காலடியில் வைத்துப் போற்றியவர்கள், பேரப்பிள்ளைகளுக்கான மண்ணைக் காக்கத் தவறினர். சரிவான நிலம் உடைய விவசாயிகள் இதை மனத்தில் கொள்ளவேண்டும். வெட்டிய மரத்துக்கு ஈடாகக் கன்று நடுவதும், அது ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வளரும்வரை வேலியிட்டுக் காப்பதும், சரிவுக்குக் குறுக்கே வரப்பிடுவதும் மேல்மண்ணைக் காக்கும் எளிய வழிகளாகும்.