மார்கழிப் பனியும் நெற்பயிரும்

மார்கழி, தை மாதங்களில் செம்பரம்பாக்கம் ஏரியின் கீழுள்ள வயல்களில் காலை ஆறு மணிக்குக் கால் நனையாமல் வரப்பில் நடக்க முடியாது. அதே வயலில் பிற்பகல் இரண்டு மணிக்கு நின்றால் துண்டு தலைக்கு ஏறிவிடும். ஒரே நாளில் நிகழும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பயிரும் உணர்கிறது. பயிரைத் தாக்கும் பூசணமும் உணர்கிறது.

சென்னை வட்டாரத்தில் ஜனவரி மாதப் பகல் வெப்பம் சராசரியாக 29 டிகிரி செல்சியஸ். இரவில் 21 டிகிரி அளவுக்கு இறங்கும். பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவு முழுவதும் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. ஆகவேதான் குளிர் நள்ளிரவில் அல்ல, விடியலையொட்டி மிகுகிறது. மேகமூட்டம் இருந்தால் கம்பளி போர்த்தியது போல வெப்பம் தங்கிவிடும். வானம் தெளிந்து காற்றும் ஓய்ந்த இரவில் இலை, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து, அதன்மேல் பனி படிகிறது.

குலைநோய்க்கு வேண்டியது இதுதான். இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி, இலையும் பத்து மணி நேரம் நனைந்திருந்தால் பூசண வித்து முளைத்து உள்ளே நுழைந்துவிடும். நவரை நாற்றங்காலிலும் தூர் கட்டும் பயிரிலும் கண் வடிவப் புள்ளிகள் தோன்றும். நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. பிந்திய சம்பாவில் கதிரின் கழுத்து கறுத்து ஒடியும். அப்படி ஒடிந்தால் மிஞ்சுவது பதர்தான்.

குளிரில் பயிர் சற்று மந்தமாக வளர்வது இயல்பு. அதைச் சத்துக் குறைவு என்று எண்ணி யூரியாவை அள்ளிப் போடுவது பலருடைய வழக்கம். பூசணத்துக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடையாது! தழைச்சத்தைப் பிரித்தே இட வேண்டும். புள்ளி தெரிந்தால் மேலுரத்தைச் சில நாட்கள் நிறுத்தி வைக்கலாம். இலையில் ஈரம் உலர்ந்த பிறகே உரம் தூவ வேண்டும். ஈர இலையில் ஒட்டும் யூரியா கருக்கிவிடும். விதைக்கும்போதே கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து நேர்த்தி செய்வது செலவு குறைந்த காப்பு. வரப்புப் புல்லையும் செதுக்கிவிடுங்கள். ஐ.ஆர்.50 போன்ற ரகங்கள் இந்நோய்க்கு எளிதில் இரையாகும்.

ஏரி நீர் இன்று பெரும்பாலும் சென்னையின் குடிநீருக்குப் போவதால் பலருக்குக் கிணறே துணை. மார்கழியில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருப்பதை எல்லோரும் அறிவர். ஒன்றரை அடிக்குக் கீழே பகல், இரவு வேறுபாடு அநேகமாக எட்டுவதில்லை என்பதே காரணம். மாலையில் இந்த நீரை நாற்றங்காலில் பாய்ச்சினால் நாற்றுக்கு இதமாக இருக்கும். காய்ந்த நாற்றங்காலில்தான் குலைநோய் விரைந்து பரவும்.

குளிரே வேண்டாம் என்றும் நினைத்துவிடக் கூடாது. பகலில் தயாரித்த உணவை வெப்பமான இரவில் பயிர் சுவாசித்தே செலவழித்துவிடுகிறது. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலைய வயல்களில், கோடைப் பயிர்க் காலத்து இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடியபோது மகசூல் சுமார் 10 சதம் குறைந்ததாக 2004இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. பூவிருந்தவல்லிப் பக்கம் வயல்கள் மனைகளாகி வருகின்றன. பகலில் சூடேறிய கட்டடமும் தார்ச்சாலையும் இரவில் அத்தனை விரைவாகக் குளிர்வதில்லை.

நவரையைத் தள்ளிப்போடுவதிலும் ஆபத்து உண்டு. டிசம்பர் இறுதியில் விதைத்த 105 நாள் ரகம் மார்ச் நடுவில் பூக்கும். ஜனவரி இறுதியில் விதைத்தால் ஏப்ரல் நடுவில் பூக்கும். நெற்பூ விரிவது பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள். அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் செயலிழந்து மணி பிடிக்காது.